அடி விழும் முன்பே

ஞாயிறு, இரவு.

தையல் வகுப்பு என்று வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் கும்மிடிப்பூண்டியில் பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டை கற்கப் போய்வருகிறேன். இன்று முதன்முறையாக நிஜமாகவே அடித்துக்கொள்ளும் ஆட்டம். தலையில் ஹெல்மெட், கையில் பிரம்பு. என்னோடு கம்பெனியில் பேக்கிங் செய்யும் ஷகிலா எதிரே நின்று ஓங்கினாள். அடி விழும் முன்பே பிரம்பைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிட்டேன்.

ஷகிலா பக்கத்தில் குந்தினாள். "இன்னாக்கா, ஊட்ல அடிக்கிறாரா?"

"சேச்சே, இல்லடி. பயந்துட்டேன்."

அம்மாவிடம்கூடச் சொல்லாததை இந்தப் பாழாய்ப்போன உடம்பு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதே. இனி அங்கே எந்த முகத்தோடு போவது? போகாமல் இங்கே எப்படி இருப்பது?

அவர் வண்டிச் சத்தம் கேட்கிறது. பிரம்பு பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கை என்னவோ தலைக்குத்தான் போகிறது.