கேட்கிற காது

மார்ச் 4, செவ்வாய்

எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள் பாதி திருத்தினேன். மீதி நாளைக்கு.

மார்ச் 6, வியாழன்

கப்பல் கம்பெனியிலிருந்து போன். ஸ்பெயினில், வலென்சியா துறைமுகத்தில், இன்ஜின் ரூம் ஏணியிலிருந்து என் வீட்டுக்காரர் தனசிங் விழுந்துவிட்டார். தலையில் அடி. ஆபரேஷன் முடிந்ததாம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். ஆண்டவரே.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் பாட்டு வாயில் வரவில்லை.

அங்கே நர்ஸ் பெயர் பிலார். வாட்ஸப்பில் ஸ்பானிஷில் எழுதுகிறாள். என் போன் அதை ஆங்கிலமாக்கித் தருகிறது. கண் திறந்திருக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். மூளையில் ஏதாவதா என்று டாக்டருக்குச் சந்தேகம்.

படம் அனுப்பினாள். வலது காதை மூடிப் பெரிய கட்டு. இடது காதுதான் வெளியே. அந்தக் காது கேட்காமல் போய் நான்கு வருடமாயிற்றே! எனக்கு மட்டும்தான் தெரியும். கப்பலேறும் முன் நடக்கும் மெடிக்கல் டெஸ்டில் எப்படியோ சமாளித்து வருகிறார். "யார்கிட்டயும் சொல்லிடாத ஜெரூ. தெரிஞ்சா அடுத்த கப்பல் கெடையாது."

மார்ச் 10, திங்கள்

'இடது காதில் சின்னப் பிரச்சினை' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். போன் காதை 'ஒரேஹா' ஆக்கி அனுப்பியது. பிலாரின் பதில்: பார்த்தேன், காயம் இல்லை, நன்றாகத் துடைத்துவிட்டேன். கூடவே ஒரு பூப்படம்.

துடைத்தாளாம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாடி வீட்டு வினிதாவிடம் போனேன். பெருங்களத்தூரில் ஸ்பானிஷ்காரர்களோடு போனில் பேசுகிற வேலை அவளுக்கு.

"அக்கா, ஒரேஹான்னா வெளிய தெரியிற காது. கம்மல் போடுறோமே, அது. கேக்குற காதுக்கு ஓயீதோ."

"அப்ப அதையே போடு."

"போட்டு? சரியில்லன்னு எழுதவா, கேக்காதுன்னு எழுதவா?"

சின்னப் பிரச்சினை என்று பூசி மெழுகியது போனா? நான்தானே? இப்போது எழுதினால் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ஏறும், கம்பெனி படிக்கும். எழுதாவிட்டால் — மூளை கலங்கினவர் என்று முடிவு கட்டிவிடுவார்களே. என்னங்க, என்ன மன்னிச்சிடுங்க.

"கேக்கவே கேக்காதுன்னு போடு வினிதா. நாலு வருஷமா."

மார்ச் 12, புதன்

பிலார் வீடியோ அனுப்பினாள். டாக்டர் வலது காதுக் கட்டைத் தளர்த்துகிறார். நான் பதிவு செய்து அனுப்பியதை பிலார் குனிந்து அந்தக் காதில் வைக்கிறாள். "ஏங்க, நான்தான், ஜெரூ." அவர் தலை மெல்லத் திரும்புகிறது. உதடு அசைகிறது.

பள்ளிக்கூடம் போகவில்லை. எத்தனை தடவை பார்த்தேனோ.

ஏப்ரல் 2, புதன்

வந்துவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார். "நான்தான் சொல்லிட்டேங்க" என்றேன். "தெரியும்" என்றார்.

மே 18, ஞாயிறு

நேற்று மாலை கம்பெனி கடிதம் வந்தது. இனிக் கப்பலில் ஏற முடியாது. படித்தார், மடித்து பீரோவில் வைத்தார். கத்துவார் என்று அடுக்களையிலேயே நின்றேன். கத்தவில்லை.

காலையில் கோயில் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க?"

"பம்மல் வரைக்கும். மீன் வாங்கலாம். நீயும் வாயேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இருவரும் சேர்ந்து மீன் வாங்கப் போனது இன்றைக்குத்தான். மனிதருக்குப் பேரம் பேசவே தெரியவில்லை.