ஜன்னல் கட்டையில் பல் தடம்

பாளையங்கோட்டை,
மார்ச் 9

அன்பு மகள் டார்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், நீ எங்களிடம் விட்டுப்போன எபியின் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று நாளாக வீடியோ போனில் சொல்லப் பார்த்தேன், வார்டிலிருந்து நீ சிரித்த முகத்தோடு வந்து நின்றதும் வேறு எதையோ பேசி வைத்துவிட்டேன். காயல்பட்டினம் ஹசன் அலி சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

எபி பேசும் சொற்களை நான் ஒரு நோட்டில் எழுதி வந்தது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குள் அறுபத்திரண்டு சொல். அதன் பிறகு அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது. புதிதாக ஒன்றும் வரவில்லை, இருந்ததில் பூனையும் தண்ணியும் போய்விட்டன, தாகம் என்றால் செம்பைக் கைகாட்டுகிறான். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், சோறு இறங்கவில்லை. கடவாய்ப் பல் வருகிறது என்று உன் அம்மா சொன்னாள், நானும் நம்பினேன். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரும்புச்சத்து குறைவு, ரத்தத்தில் ஈயமும் பார்த்துவிடுவோம் என்று மாதிரியை வெளியூருக்கு அனுப்பினார். முப்பத்தொன்று என்று வந்திருக்கிறது. பிள்ளைக்கு ஐந்தே அதிகமாம். நர்ஸான உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் வாத்தியாரான எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வகுப்பில் சுண்ணாம்புச்சத்தின் பெயரைக் கூப்பிடும்போது ஈயம் எழுந்து உள்ளேன் ஐயா என்று சொல்லி அதன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. எலும்பிலும் உட்காருகிறது, மூளையிலும் உட்காருகிறது.

பிள்ளை எதை எதை வாயில் வைக்கிறான் என்று டாக்டரம்மா கேட்டார். உன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "என் பேரன் மண்ணத் தின்னுத பிள்ள இல்ல டாக்டர், அவன் ஜன்னல விட்டு இறங்கவே மாட்டான்" என்றாள். வீட்டுக்கு வந்து தெரு ஜன்னலின் கீழ்க்கட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வரிசையாகச் சின்னப் பல் தடம். பிரவுன் பெயிண்ட் போய், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே என் அப்பா காலத்துச் சிவப்பு வரைக்கும் கடித்திருக்கிறான். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் நிறையச் சேர்ப்பார்களாம். டிசம்பரில் பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அந்தக் கட்டையை உப்புத்தாள் போட்டு நான்கு நாள் தேய்த்தது நான்தான். தரையெல்லாம் தூசி. அந்தத் தூசியில் எபி விரலால் கோடு போட்டான், உன் மகன் படம் வரைகிறான் பார் என்று உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேனே, அது அந்தத் தூசிதான் அம்மா. "தூசிக்குள்ள வேண்டாம், பிள்ளையப் பின்னறைக்குக் கொண்டு போயிருதேன்னு சொன்னேன், இங்கன இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீய" என்று உன் அம்மா கேட்கிறாள். ஆமாம், நான்தான் சொன்னேன்.

தேய்த்த பிறகு வர்ணம் அடித்த பெயிண்டர் சங்கிலிபூதத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். "பெயிண்டத் தின்னு எவன் சார் செத்தான், நான் இந்தக் கையோடதான் சோறு திங்கேன்" என்று சிரித்தான். மறுநாள் காலை பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான், அந்த டாக்டரம்மா எங்கன இருக்காவ சார் என்று. அவன் சிரித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது, அதுவும் போய்விட்டது.

இந்த அளவுக்கு ஈயத்தை இறக்கும் மருந்து கொடுக்கமாட்டார்களாம், இன்னும் ஏறினால்தானாம். வரும் வழியை அடைக்கவேண்டும், இரும்புச்சத்து டானிக், பால், முட்டை, ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். முன்னறையைப் பூட்டிவிட்டுப் பின்னறையில் இருக்கிறோம், துடைப்பம் தொடுவதில்லை, ஈரத்துணிதான். போன சொற்கள் திரும்பி வருமா என்று கேட்டேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் காலையில் பூனையைக் காட்டி இது என்ன என்று கேட்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். பச்சப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்காதீய என்று உன் அம்மா அதட்டுகிறாள், என்னால் நிறுத்த முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஐந்து மணி பஸ்ஸில் அம்மா வருவாள் என்று சொல்லி அவனை அந்த ஜன்னலில் நிறுத்திப் பழக்கியது நாங்கள். பஸ் திரும்பி மறையும்வரை கட்டையில் வாயை வைத்துக்கொண்டு நிற்பான். இப்போது அந்த நேரம் வந்ததும் பூட்டிய கதவைத் தட்டி, அம்மா பஸ், அம்மா பஸ் என்று அழுகிறான். அந்த இரண்டு சொல்லும் இன்னும் போகவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள், லீவு கிடைத்தால் வந்துவிடு. என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், உன் அம்மாவை ஒன்றும் சொல்லாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, பிள்ளையையும் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. போனை வைக்கும்போதெல்லாம், ஜன்னல்ல போய் நில்லு செல்லம், அம்மா வாரேன் என்று சொல்வாயே, இனிமேல் அதைச் சொல்லாதே.

உன் அப்பா,
சத்தியநேசன்