நீ தேர்ந்தெடுத்த புத்தகம்

பள்ளி நூலக அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நாப்தலின் உருண்டை நெடி முகத்தில் அடிக்கிறது. ஐந்து வருடம் நீ பூட்டியே வைத்திருந்த அலமாரி. நீ செத்துப்போன பிறகு சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அது முன்பு என்னிடமிருந்து பிடுங்கி உனக்குக் கொடுத்த சாவி என்பது புதுத் தலைமையாசிரியருக்குத் தெரியாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது. பிள்ளைகளுக்கு வாத்தியார் இன்னும் 'முசே'தான். ஆறாவது முதல் பதினொன்றாவது வரை பிள்ளைகள் ஆசையாய் எடுத்துப் படிக்கத் தமிழில் என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் போடச் சொன்னார்கள், தமிழ் வாத்தியார்கள் நம் இருவரையும். சலித்தெடுக்கும் வழி உன்னுடையது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் ஒரு கதையை உரக்கப் படிப்பாய். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் மூடிவிடுவாய். "சைக்கிள் வரைக்கும் தொரத்திக்கினு வந்து அப்புறம் இன்னா ஆச்சின்னு கேட்டாத்தான்யா அது புஸ்தகம். இல்லன்னா பொட்டலம் மடிக்கலாம்" என்பாய். பெரிய மனிதர்கள் சிபாரிசு செய்த நீதி நூல்களெல்லாம் அப்படித்தான் உதிர்ந்தன. நீ சொல்ல நான் எழுதினேன். உன் கையெழுத்து உனக்கே புரியாது.

கோட்டைச் சுவர் ஏறும் திருடன் கதையன்று பிள்ளைகள் உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "முசே, மாட்னானா இல்லியா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க முசே!" அதைப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தயக்கம்தான். "பயந்தாங்கொள்ளி, மொதல்ல அத எழுதுய்யா" என்றாய்.

புத்தகம் வந்ததும் அதை எடுத்துப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அம்மாவின் புடவையைக் கயிறாகத் திரித்து மாடியிலிருந்து இறங்கி, கையை ஒடித்துக்கொண்டான். அரியாங்குப்பத்திலிருந்து அவன் அப்பா வந்து நின்று கத்தினார்: "படிக்க அனுப்புனனா, கன்னம் வைக்க அனுப்புனனா? எவன்யா இந்தப் புஸ்தகத்தச் சேத்தது?"

தலைமையாசிரியர் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு நம்மைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். "ரெண்டு பேருந்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். நீ கூரையைப் பார்த்தபடி, "எழுத்து அவரோடதுங்க" என்றாய்.

பொய்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. நீயே திருத்திச் சொல்வாய் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தேன், மடையன்.

அந்த வாரமே சாவி உன் இடுப்புக்குப் போனது. புகார் வந்துவிடுமோ என்று ஒரு புத்தகத்தையும் நீ வெளியே விடவில்லை. நாப்தலின் போட்டுக் காத்தாய். பயந்தாங்கொள்ளி யார்? எதிரெதிர் நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தும் "வெயில் ஜாஸ்தி" என்பதற்கு மேல் நீ பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது நான் வரவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

சாவி வந்ததும் நான் முதலில் வெளியே கொடுத்தது அந்தத் திருடன் கதையைத்தான். நேற்று ஒரு பையன் திருப்பிக் கொண்டுவந்தான். "இத்த யாரு முசே வாங்கச் சொன்னது? இதே மாரி இன்னொன்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

"நான்தான்" என்றேன். உன் பெயர் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

அவன் காத்துக்கொண்டு நின்றான். அலமாரிப் பக்கம் திரும்பினேன். யோசிக்கவே இல்லை. அன்று நீ இரண்டாவதாக எழுதச் சொன்ன புத்தகத்திற்குக் கை தானாகப் போனது.