மென்று காட்டிய புல்

அக்கா,

இன்று காலை எருமப்பட்டியிலிருந்து புல்வண்டி வந்தது. வண்டிக்காரர் முதல் புல்லுக்கட்டை வாசலில் தள்ளினார். காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் வாசம் மூக்கில் ஏறியதும் என் இடது புருவத்துத் தழும்பு அரிக்க ஆரம்பித்தது. பதினைந்து வருஷமாக இப்படித்தான். மற்றவர்களுக்குப் புல் வாசம் என்றால் மாடு கன்று ஞாபகம் வரும். எனக்கு உன் உலக்கை ஞாபகம் வருகிறது.

உனக்கு எழுத்து தெரியாது. உனக்கு வந்த கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். கெட்ட செய்தியை நான் விழுங்கிவிட்டால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். இதையும் நானே எழுதி நானே படித்துக்கொள்கிறேன். ஒரு வரியும் விழுங்கப் போவதில்லை.

சேந்தமங்கலத்து வீட்டுக்கு நான் இரண்டாந்தாரமாக வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மாப்பிள்ளை மாட்டு வியாபாரி, பெரிய வீடு, மூத்தவள் மலடி, நீ ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டால் நீதான் ராணி என்று சொல்லி அனுப்பினார்கள். ராணி வந்து இறங்கியபோது ஆரத்தி எடுக்க ஆளில்லை. மூத்தவளான நீ கொல்லையில் இருந்தாய். உன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. என்னை வரவேற்க மாட்டேன் என்று சொன்னதற்கு அவர் கொடுத்த கூலி அது. நீ அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் மூங்கில் கூண்டுக்கு முன்னால் குந்தி, முயல்குட்டி அளவில் வாலே இல்லாத ஏழு பிராணிகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாய். புல் சரசரத்ததும் அவை சீழ்க்கை அடிப்பது போலக் கத்தின.

"இதென்னுங்கக்கா, வாலில்லாத எலி?" என்றேன்.

"சீமை எலி. சேலத்து டாக்டரம்மா குடுத்தாங்க. இதுங்கதான் எம்புள்ளைங்க. நீ தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்."

நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஒரு ஜோடியாக வந்தவை ஏழாகியிருந்தன. பிள்ளையில்லாத வீட்டில் அவை மட்டும் பெற்றுக்கொண்டே இருந்தன. அவருக்கு அந்தக் கூண்டைப் பார்த்தாலே வயிறு எரியும். போகும்போது ஓர் உதை, வரும்போது ஓர் உதை. அந்த உதை உன் மேல் விழட்டும் என்று நீ குறுக்கே போய் நிற்பாய். எனக்கு உன் மேல் அப்போது இரக்கம் வரவில்லை. பைத்தியம் என்று நினைத்தேன்.

ஓர் உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அப்படித்தான் நாம் இருந்தோம். என் சோற்றில் நீ மண்ணைப் போட்டாய். உன் சேலையை நான் அடுப்பில் போட்டேன். ஒருநாள் நான் மிஞ்சிப்போன நெல்வைக்கோலை உன் கூண்டுக்குள் போட்டுவிட்டேன். "வயித்த ரொப்பும், ஒடம்புக்கு ஒண்ணும் சேராது. இதையா போட்ட?" என்று கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தாய். என் அப்பன்கூட என்னை அறைந்ததில்லை. காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

நான் எருமப்பட்டிக்காரி, ஆடு மாட்டோடு வளர்ந்தவள். எந்தப் புல் உயிர் வளர்க்கும் என்பது தெரிந்தவளுக்கு எது உயிரை எடுக்கும் என்பதும் தெரியும். அந்த வருஷம் மழை பொய்த்து, முழங்கால் உயரத்தில் சோளம் வாடி நின்றது. வாடிய இளஞ்சோளம் விஷம். எங்கள் வீட்டுக் கன்று ஒன்று அதைத் தின்று என் கண் முன்னால் நுரை தள்ளி விழுந்திருக்கிறது. நான் தெரிந்தேதான் ஒரு கைப்பிடி அறுத்து வந்தேன். நீ தண்ணீருக்குப் போன நேரம் பார்த்துப் போட்டேன். அவை என்னைப் பார்த்தும் சீழ்க்கை அடித்தன, அக்கா. பசியோடு தின்றன. உலை கொதிப்பதற்குள் ஐந்து செத்தன. சினையாக இருந்த ஒன்றும் அதன் ஜோடியும் வேறு கூண்டில் இருந்ததால் தப்பின.

நீ குடத்தோடு வந்தாய். கூண்டைப் பார்த்தாய். வாயோரம் ஒட்டியிருந்த பச்சையைக் கிள்ளி முகர்ந்தாய். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, உரலில் கிடந்த உலக்கையை எடுத்தாய். முதல் அடியில் என் புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, உன் தோளைக் கடித்தேன். சதை வாயோடு வந்தது. இருவரும் செத்த பிராணிகளுக்கு நடுவில் புரண்டோம். மயிரைப் பிடித்து என் தலையை நீ தரையில் மோதினாய். அன்று நீ என்னைக் கொன்றிருப்பாய். கொன்றிருந்தால் உன் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

அவர் வந்து மாட்டுச் சாட்டையால் விளாசித்தான் பிரித்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். சிரித்தார்.

"நல்ல காரியம் பண்ணுன புள்ளே. சனியன் தொலஞ்சுது" என்று என் தலையைத் தடவினார். சாயங்காலம் எனக்கு மட்டும் அல்வாவும் பூவும் வாங்கி வந்தார். புருவத்தில் துணிக்கட்டோடு அந்த அல்வாவை வாயில் வைத்தேன். உன் உலக்கை வலித்ததைவிட அதுதான் வலித்தது. எப்பேர்ப்பட்ட ஆளுக்கு நான் வேலை செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. துப்பிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எருமப்பட்டிக்கு நடந்தேன். எங்கள் மேட்டுநிலத்துக் கொழுக்கட்டைப் புல், கதிர் தலைகாட்டும்போதே அறுத்து, அரை நிழலில் காயவைத்தது. பச்சை மங்காமல் இருக்கும். தண்டைக் கிள்ளினால் பட்டென்று முறியும். ஒரு கட்டைத் தலையில் சுமந்து வந்து உன் முன்னால் வைத்தேன். நீ அதைக் காலால் தள்ளினாய். வெகுநேரம் கழித்து ஒரு கதிரை உருவி என்னிடம் நீட்டினாய்.

"மென்னு காட்டு."

மென்றேன். விழுங்கச் சொன்னாய். விழுங்கினேன். நான் சாகிறேனா என்று சோறு வடிக்கும் நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாய். சாகவில்லை என்று ஆனதும் புல்லை எடுத்துக் கூண்டில் போட்டாய். அன்று முதல் பதினான்கு வருஷம், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கதிர். நான் மெல்லாமல் ஒரு கட்டும் உள்ளே போனதில்லை. நல்ல புல் முதலில் நாக்கை அறுக்கும், மெல்ல மெல்ல இனிக்கும். நம் கதையும் அப்படி என்று எழுதினால் நீ காறித் துப்புவாய். எழுதவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகுதான் என் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. ரத்தம் வர அடித்துக்கொண்டவர்களுக்குள் மரியாதை எதற்கு?

புல் வாங்க உன்னோடு சந்தைக்குப் போவது போருக்குப் போவது மாதிரி. மேலே இருக்கிற புல்லை நீ பார்க்கவே மாட்டாய். முழங்கை வரை கையைக் கட்டுக்குள் விடுவாய். நடுவில் சூடோ ஈரமோ தட்டினால் அது பூசணம் பூத்த புல். ஒருவன் மேலே நல்லதும் உள்ளே பூஞ்சையுமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அவன் குடுமியைப் பிடித்து முகத்தைக் கட்டுக்குள்ளேயே அழுத்தினாய்.

"மோந்து பாருடா. இத உம்பொண்டாட்டிக்குச் சோத்து வட்டல்ல வெப்பியா?"

அவன் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டான். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று வருஷம் ஆயிற்று. எனக்கும் வயிறு திறக்கவில்லை. ஊர் என்னையும் மலடி என்றது. கொல்லையில் நான் அழுதுகொண்டிருந்தபோது நீ உன் இடது கையை நீட்டினாய். சுண்டுவிரல் கோணிப் போயிருந்தது.

"அழுவாத. டாக்டரம்மா என்னையப் பாத்துட்டு, உங்கிட்ட கொறை ஒண்ணுமில்ல, உங்க ஊட்டுக்காரரக் கூட்டியான்னாங்க. நான் அழுதேன்னுதான் இந்த ஜோடியக் குடுத்தாங்க. ஊட்டுக்கு வந்து அவருகிட்டச் சொன்னேன். அன்னைக்கு ஒடச்ச வெரலு இது."

இதைத் தெரிந்துகொண்டுதான் அவர் என்னையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்தேன். நீ என்னவோ புல்லை உதறி முள் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

அந்தத் தையிலேயே மூன்றாவது பெண் பார்த்துவிட்டார். பனமரத்துப்பட்டிப் பக்கம். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்து முன்கட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அன்று காலைதான் நம் சீமை எலி நாலு குட்டி போட்டிருந்தது. பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கிற ஜாதி. மதியத்துக்குள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தன. மாட்டைப் பார்க்கக் கொல்லைக்கு வந்த நம் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"எலி கூட நாலு போட்டிருக்குது. நீங்க ரெண்டு பேரும் எதுக்குடி தின்னுட்டுக் கெடக்கறீங்க?"

கூண்டை உதைத்துக் கவிழ்த்தார். ஒரு குட்டியைப் பிடித்துச் சுவரில் அடித்தார். சிறு சத்தம்தான் கேட்டது. இரண்டாவதற்குக் குனிந்தபோது நீ கவைக்கோலை எடுத்தாய். புல்லைப் போராக அடுக்கும்போது கட்டைத் தூக்கி எறிகிற, நுனி இரண்டாகப் பிளந்த நீளக் கழி. அந்தக் கவையை அவர் கழுத்தில் கொடுத்து, தள்ளிக்கொண்டே போய்ப் புல்போரோடு சேர்த்து அழுத்தினாய். அவர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது.

"கொறை யாருகிட்ட? சொல்லு. வந்திருக்கற பெரியவர் காதுல உழுவட்டும்."

அவர் சொல்லவில்லை. உன் முடியைப் பிடித்து இழுத்தார், முழங்காலால் வயிற்றில் உதைத்தார். கோணல் விரலோடு உன் பிடி நழுவுவது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"ஏ புள்ளே, வந்து இவளப் புடிச்சு இழு. உனக்குத் தங்கத்துல காப்பு செஞ்சு போடறேன்" என்றார் என்னிடம்.

அல்வா கொடுத்த அதே குரல். வந்தேன். அவருக்காக வருகிறேன் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு கணம் நீயும் அப்படித்தான் நினைத்தாய். உன் கண்ணில் பார்த்தேன், அதை மறக்க மாட்டேன். என் ஒரு கையைக் கழியில் உன் கைமேல் வைத்து அழுத்தினேன். மறு கையால் போரிலிருந்து ஒரு பிடி புல்லை உருவி அவர் வாய்க்குள் திணித்தேன்.

"மென்னு காட்டுங்க. மென்னுட்டு நெசத்தச் சொல்லுங்க."

அவர் திமிறினார். இன்னொரு பிடி திணித்தேன். உதடு கிழிந்து ரத்தமும் புல்லுமாக வழிந்தது. சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா கொல்லை வாசலுக்கு வந்து நின்றார். கவையை அரை விரல் தளர்த்தினாய்.

"டாக்டரம்மா என்னையத்தான் வரச்சொன்னா... நாந்தான் போவல... இவகிட்டக் கொறை இல்லைன்னா..." என்று துப்பித் துப்பிச் சொன்னார்.

அந்தப் பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பிறகு நம் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"எம்புள்ளைக்கி வேற எடம் பாத்துக்கறனுங்கம்மா. வாரனுங்க."

அதற்கப்புறம் அவர் கை ஓங்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு தடவை ஓங்கினார். இரண்டு தடவையும் வட்டியோடு வாங்கிக்கொண்டார். கவைக்கோல் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றது. நாலு வருஷத்துக்கு முன் அவர் காய்ச்சலில் போனபோது நீ அழுதாய். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

போன ஐப்பசியில் புது வண்டி வந்தது. நான் அடுப்பில் இருந்தேன். நீ வழக்கம்போல முழங்கை வரை கையை விட்டாய். உள்ளே சுருட்டை விரியன் இருந்தது. நீ கத்தவில்லை. கடித்த பாம்பைக் கையோடு இழுத்துத் தரையில் அடித்துக் கொன்ற பிறகுதான் என்னைக் கூப்பிட்டாய். உன் ஜாதகம் அப்படி, கடைசி அடியும் உன்னுடையதாகத்தான் இருந்தது.

வைத்தியர் ஓடிவந்து என் கையில் சிறியாநங்கை இலையைக் கொடுத்தார். வேப்பிலையைவிடக் கசக்கும் இலை. கசப்புத் தெரிந்தால் பிழைக்கலாம், தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று நம் பக்கத்துக் கணக்கு. உன் வாயருகில் கொண்டுவந்தவள், பதினான்கு வருஷப் பழக்கத்தில், ஓர் இலையை முதலில் என் வாயில் வைக்கப் போனேன். வீங்கிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இன்னைக்கி நீ மெல்ல வேண்டாஞ் சாமி. குடு."

வாங்கி மென்றாய். வைத்தியர் கேட்டார், "கசக்குதாம்மா?"

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "இல்லீங்க."

இன்று வண்டி வந்ததும் கவைக்கோலால் கட்டை நாலு போடு போட்டேன். ஊரே அப்படித்தான் செய்யச் சொல்கிறது. பிறகு முழங்கை வரை கையை விட்டேன். சூடில்லை, ஈரமில்லை. கூண்டில் உன் சீமை எலிகளின் பேரன் பேத்திகள் பதினொன்று, சத்தம் கேட்டுச் சீழ்க்கை அடிக்கத் தொடங்கிவிட்டன. ஒரு கதிரை உருவி வாயில் வைத்தேன்.

"ஏனுங்கம்மா, புல்லத் திங்கறீங்க?" என்று வண்டிக்காரர் சிரித்தார்.

வேண்டாம் என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது, அக்கா. இருந்தாலும் மென்றேன். முதலில் நாக்கை அறுத்தது. இனிக்கும்வரை நின்றுவிட்டுக் கூண்டில் போட்டேன்.