பஸ்ஸுக்கு அரை சதவீதம்

மார்ச் 3

அண்ணன் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்: 'புது வரி வேண்டாம்.' இங்கே அடுத்தடுத்து இருக்கிற நாலு ஊரும் சேர்ந்து, வாங்குகிற பொருளுக்கெல்லாம் அரை சதவீதம் கூடுதல் வரி போட்டு, அதில் பஸ் விடலாமா என்று இந்த மாதம் வாக்கெடுப்பு.

"பஸ் ஒழுங்கா ஓடினா நம்ம டிரைவிங் ஸ்கூல்ல எவன் வந்து சேருவான்?" என்றார்.

நியாயம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், பஸ்ஸை எப்படி முந்துவது என்று சொல்லித் தருகிறேன் — அதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

மார்ச் 5

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் கார் கற்கிறார். இன்று அவருக்கு ஒன்பதாவது வகுப்பு. ஸ்டியரிங்கை ஈரப் போர்வை பிழிகிற மாதிரி பிடிக்கிறார். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். இவ்வளவு பயத்தோடு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"ஆசைப்பட்டா வர்றேன் டீச்சர்? காலைல அஞ்சரை பஸ்ஸை நிறுத்திட்டாங்க. ஆறு மணிக்கு ஷிப்ட். தங்கச்சி வீட்டுக்காரர் பழைய காரைத் தர்றேன்னாரு. வேற வழி?"

அந்த வரி வந்தால் பஸ்ஸைத் திரும்ப விடுவார்களாம்.

மார்ச் 8

பஸ்ஸில் ஏறினேன். சும்மா, பார்க்கத்தான். நாற்பது நிமிஷம் காத்திருந்தது தனிக் கதை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் என் வலது காலும் தரையை மிதித்தது. பின் சீட்டிலிருந்து "வணக்கம் டீச்சர்!" — போன வருஷம் என்னிடம் கற்றுப் பாஸான பெண்.

"லைசென்ஸ் பத்திரமா இருக்கு டீச்சர். கார்தான் இல்ல."

சிரித்துவிட்டேன். இப்படி இன்னும் எத்தனை பேர்?

மார்ச் 11

அதே நோட்டீஸை நான் ஓட்டும் காரின் பின்கண்ணாடியிலும் ஒட்டிவிட்டார் அண்ணன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 12

கிழித்துவிட்டேன்.

"உனக்குச் சோறு போடுறது இந்தக் கார்தானே?"

"ஆமாண்ணே. அதுக்காக, பயந்து சாகறவங்களையும் பிடிச்சு ஓட்ட வைக்கணுமா?"

அண்ணி டீயை வைத்துவிட்டு நழுவிவிட்டார். எனக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு வாய்? கற்க வருகிற ஆள் குறைந்தால் முதலில் போவது என் வேலைதானே — தெரிந்துதான் பேசினேனா?

மார்ச் 24

இன்று வாக்கெடுப்பு. வரி 'வேண்டும்' என்று போட்டேன். கை கொஞ்சம் தயங்கியது. பொய் எழுத மாட்டேன்.

மார்ச் 25

தோற்றுவிட்டது. நூற்றுக்கு அறுபத்து நாலு பேர் ஆதரவு. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். இத்தனை பேர் கேட்டும் போதவில்லை என்றால் என்ன கணக்கு இது? அண்ணன் ஜம்பம் அடிக்கவில்லை. புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 17

அக்கா லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்றாம் முறை பாஸ். தாளை வாங்கிக்கொண்டு, "இனிமே தப்பிக்க முடியாதே" என்று அழுதார்.

மே 6

"ஒரு நாள் வந்து பாருங்க டீச்சர்" என்று அக்கா கூப்பிட்டபடியே இருந்தார். இன்று விடியற்காலை போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் அவரோடு வேலை செய்கிற மூன்று பெண்கள், இடித்துப் பிடித்துக்கொண்டு. பஸ் நின்றதிலிருந்து இவர்கள் ஒரு மணி நேரம் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்களாம். லாரி எதிரே வந்தது. அக்கா கண்ணை மூடவில்லை.

சிவப்பு விளக்கில் நின்றதும் ஒரு அட்டையை என் மடியில் வைத்தார். பெயர்கள், கையெழுத்துகள்.

"அடுத்த வருஷம் மறுபடி வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிக் கேக்கறோம். சீக்கிரம் போடுங்க, பச்சை விழுந்துடும்."

"அதான் இப்ப நல்லா ஓட்டறீங்களே அக்கா?"

"ஓட்டறேன். இன்னும் பதினோரு பேர் நடந்து வர்றாங்க. இதுல எங்க ஏத்தறது?"

பதினேழாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை அட்டையிலிருந்து எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது, துளிக் குலுக்கல் இல்லாமல்.