கெர்னலில் ஒரு சின்ன ஓட்டை

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் இயங்குதளத்தில், கெர்னல் என்கிற அடிப்பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதாம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்குக் காலையில் எச்சரிக்கை வந்தது. அபாயம் குறைவு, நம் நெட்வொர்க்குக்குள் இருப்பவன் மட்டுமே அதை நோண்ட முடியும்.

"அப்படி உள்ளுக்கு யாரு இருக்கா?" என்று தோட்ட மேனேஜர் துரை கேட்டார்.

"நீங்க, நான், கணக்கு எழுதுற பெரிய கிளாக்கர். அவ்வளவுதான் சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

சாயங்காலம் வைஃபையை நிறுத்திவிட்டு அப்டேட் போட ஆரம்பித்தேன். அது முடிவதற்குள் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப்பேர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"என்னங்க, நெட்டு போயிருச்சு? நாடகம் பாதியில நிக்குது!" என்றார் கொழுந்தெடுக்கும் ராமாயி அக்கா.

"ஆபீஸ் பாஸ்வேர்ட் ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தேரு அன்னைக்கு லைவ் போடணும்னு தொரைகிட்ட வாங்கி, கோயில் தலைவரு மைக்லயே சொன்னாரே!"

அன்றைக்கு நான் ஹட்டன் டவுனுக்குப் போயிருந்தேன். அபாயம் குறைவாம்! அதை எழுதியவனை ஒரு நாள் இங்கே கூட்டி வர வேண்டும்.

யாரிடமும் மூச்சு விடாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது கோயில் தலைவர் குடையோடு வந்து நின்றார்.

"தம்பி, பழைய பாஸ்வேர்ட் வேல செய்யல. புதுசு ஒங்ககிட்டதான் இருக்கும்னு தொர சொன்னாரு. வெள்ளிக்கிழம பூசையில மைக்ல சொல்லணும்."