நாலாவது பாட்டில் அறுந்த கம்பி

உன் ஆல்பத்தை நேற்று கொடுத்துவிட்டேன். சென்னையிலிருந்து இசைக் கம்பெனிக்காரர் வந்தார். உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் என் கிட்டங்கியிலேயே உட்கார்ந்து பேசினோம், கையெழுத்தும் ஆயிற்று. அவர் போனபின் சட்டைப் பையைத் துழாவினேன். உன் கிட்டாரில் அறுந்த கம்பி, துருவேறிக் கிடந்தது. நீ போன இந்த எட்டு மாதத்தில் மூன்று சட்டையைக் கறையாக்கிவிட்டது. எங்காவது எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை.

இருபது வருடம் சென்னை ஸ்டூடியோக்களில் ஊரார் பாட்டுக்கெல்லாம் வாசித்தாய். ஓர் இசைத்தட்டு உறையிலும் உன் பெயர் கிடையாது. பிறர் சொதப்பிவிட்டுப் போனதை வாசித்துச் சரிசெய்வதும் உன் பிழைப்புதான். கடைசியில், சொந்தமாக ஒரு ஜாஸ் ஃப்யூஷன் ஆல்பம் என்று வந்து நின்றபோது நான் சிரித்தேன்.

“ஏலே, பாட ஆளே இல்லாத பாட்ட எவம்ல கேப்பான்?”

“வெறும் உப்ப எவம்ல திங்கான்? நீ விக்கலியா?”

மூட்டைகளைச் சுற்றி அடுக்கினால் எதிரொலி இருக்காது, கிட்டங்கியிலேயே பதிவு செய்யலாம் என்றது நான்தான். எதிரொலி நின்றது. ஆனால் உப்புக்காற்று உன் கம்பிகளைத் தின்றது. வாரம் ஒரு செட் மாற்றியும் நாலாவது பாட்டின் நடுவில் ஒன்று அறுந்தது. நிறுத்தாமல் ஐந்து கம்பியில் வாசித்து முடித்தாய்.

“நல்லாத்தாம்ல இருக்கு” என்றாய். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “அடுத்த மாசம் அத மட்டும் திரும்ப வாசிச்சிருதேன்” என்றாய். அந்த மாதம் உனக்கு வரவில்லை.

இரண்டில் எதை மனதாரச் சொன்னாய்? லாரியில் மூட்டை ஏறும்போதும் இதே யோசனை. எண்ணிக்கை தவறுகிறது, திரும்ப எண்ணச் சொல்கிறேன்.

கம்பெனிக்காரரும் சரியாக அந்த இடத்தைத்தான் பிடித்தார். “வேற ஆள வச்சு வாசிச்சுடலாம் சார். யாருக்கும் தெரியாது.”

கையெழுத்துப் போட வந்திருந்த உன் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணாச்சி, ஊரார் வாசிச்சதயெல்லாம் திருத்துனவுக. அவுகளத் திருத்த ஆள் வேண்டாம்.”

அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அவள் பக்கம் நின்றுதான் பேரம் பேசினேன்.

முடிவானது இது: நாலாவது பாட்டு அறுந்த கம்பியோடு அப்படியே வரும். வேறு கை அதில் படாது. முன்னட்டையில் உன் பெயர் மட்டும். அதற்கு ஈடாக, அடிக்கிற இசைத்தட்டில் பாதியை நானே காசு கொடுத்து எடுத்து விற்க வேண்டும். விற்காததைத் திருப்பி வாங்கமாட்டார்கள்.